முடியும் நாள் சொல்லாத பத்தியம்

சென்ற மாதம் என் மலத்தைக் கூரியரில் அனுப்பிவைத்தேன். சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். ஒரு சின்னக் குப்பி, அதற்குள் ஒரு சின்னக் கரண்டி, அதை மூடிப் போட ஒரு பளபளப்பான பெட்டி. போத்தனூர் கூரியர் கடைக்காரர் பெட்டியை வாங்கிக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"உள்ள என்னங்க மேடம்? ஒடையற சாமானுங்களா?"

"ஒடையாதுங்க. ஆனா குலுக்காதீங்க" என்றேன்.

பத்து நாள் கழித்துப் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. என் குடலில் குடியிருக்கும் நுண்கிருமிகளின் பெயர்கள், அவற்றில் நல்லது எவ்வளவு, கெட்டது எவ்வளவு என்று பச்சையிலும் சிவப்பிலும் வட்டம் வட்டமாய்ப் போட்டிருந்தார்கள். அறுபது வயதுக்கு மேல் இப்படி ஒரு ஜாதகம் எனக்கு எதற்கு? ஆசைதான், வேறென்ன. முப்பது வருஷமாக மற்றவர்களின் வயிற்றைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தவளுக்குத் தன் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க ஒரு வாய்ப்பு வந்தால் விடுவாளா?

இதில் என்னை இழுத்துவிட்டவள் திவ்யா. கோவையில் குழந்தை வேண்டி வருகிறவர்களுக்கென்றே இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் உணவு ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றேன். என் நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். "வர்றவங்க பாதிப் பேரு கையில இந்த ரிப்போர்ட்டோட வர்றாங்க மேடம். என் குடல்ல கிருமி சரியில்ல, அதனாலதான் கொழந்தை நிக்கலையான்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்றதுன்னே தெரியல. இதெல்லாம் இல்லாத காலத்துல நீங்க எப்படிப் பாத்தீங்க? எழுதிக் குடுங்களேன்" என்றாள். பாடம் எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனையியல் படித்தேன். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சமையற்கூடத்தில் சர்க்கரை நோயாளிக்கு உப்புமாவும் சிறுநீரக நோயாளிக்கு உப்பில்லாத உப்புமாவும் அளந்து போட்டுச் சில வருஷம் கழித்தேன். எடை, உயரம், கலோரி, புரதம் என்று தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பேன். மனுஷர்களிடம் பேசத் தெரியாது. அதைக் கற்றுக்கொடுத்தது இந்த ஆஸ்பத்திரியும் இதன் தலைமை மருத்துவரும்தான். நாங்கள் அவரைப் பெரிய மேடம் என்போம்.

பெரிய மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தன் சுழல் நாற்காலியை வருகிற பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, தான் ஸ்டூலில் உட்காருவார். நாங்கள் யாராவது உற்சாகமாக எதையாவது அடித்துச் சொன்னால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "எப்படித் தெரியும்?" கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். அதுதான் கொடுமை. திட்டினாலாவது வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற முகத்தோடு பார்த்துக்கொண்டே இருப்பார்.

"இந்தப் பொண்ணு நான் சொன்ன சாப்பாட்ட ஒழுங்கா சாப்பிடறா மேடம்."

"எப்படித் தெரியும்?"

"சாப்பிடறேன்னு சொன்னா மேடம்."

"ம்."

அந்த 'ம்'முக்குப் பயந்துதான் என் முறைகளை நானே உண்டாக்கிக்கொண்டேன். "என்ன சாப்பிடுவீங்க?" என்று யாரையும் கேட்க மாட்டேன். அப்படிக் கேட்டால் எல்லாரும் நல்ல பிள்ளைகளாகிவிடுவார்கள். காய் சாப்பிடுவேன், கீரை சாப்பிடுவேன், பழம் சாப்பிடுவேன். "நேத்து வெடியால எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க" என்றுதான் தொடங்குவேன். மேஜை மேல் தோசைக் கரண்டி, குழம்புக் கரண்டி, மூன்று அளவில் டம்ளர், களிமண்ணில் உருட்டிய களி உருண்டை எல்லாம் இருக்கும். எந்தக் கரண்டி, எந்த டம்ளர் என்று தொட்டுக் காட்டச் சொல்வேன்.

அடுத்தது என் புகழ்பெற்ற கேள்வி. "வெளிய போறது எப்படி இருக்குது? ஆட்டுப் புழுக்கை மாதிரியா, பழுத்த வாழைப்பழம் மாதிரியா, கூழு மாதிரியா?" குழந்தை வரம் கேட்டு வந்தவளிடம் இதைக் கேட்டால் முதலில் திகைப்பாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சிரித்த பிறகுதான் உண்மை வரும். வாரத்துக்கு இரண்டு தரம்தான் போகிறேன் என்பாள். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டால்தான் போகிறது என்பாள். எனக்குக் கக்கூஸ் மேடம் என்று நர்சுகள் பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு.

உண்மையில் அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்கே முழுதாகத் தெரியாது. மலச்சிக்கல் இருந்தால் உடம்பு சரியில்லை என்பது வரைக்கும்தான் என் அறிவு. ஒருநாள் மத்தியானம் பெரிய மேடம் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கம் ஈரலையும் குடலையும் வரைந்தார்.

"நம்ம ஈரல் இருக்குதே, அது வேலை முடிஞ்ச ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை மூட்டை கட்டிப் பித்தத்தோட சேர்த்துக் குடலுக்கு அனுப்பிருதுங்க, வெளிய போகட்டும்னு. குடல்ல இருக்கற சில கிருமிகளுக்கு அந்த மூட்டைய அவுக்கத் தெரியும். அவுத்துட்டா அது மறுபடி ரத்தத்துக்கே போயிருது. எந்தக் கிருமி எவ்வளவு இருக்குதுங்கறதப் பொறுத்து எவ்வளவு ஹார்மோன் திரும்பிப் போகும்ங்கறது மாறலாம்னு சொல்றாங்க."

"அந்தக் கிருமிக்கு யாரு மேடம் சோறு போடறது?"

"நாமதான். நம்மளால செரிக்க முடியாத நார்ச்சத்து அதுகளுக்குச் சோறு. கீரை, பயறு, ராகி, கம்பு. அது கெடைக்கலைன்னா குடலோட உள்பூச்சையே அரிச்சுத் திங்க ஆரம்பிச்சிடும்னு ஒரு கணக்கு. சினைப்பையில நீர்க்கட்டி இருக்கற பொண்ணுங்க குடல்ல கிருமி வகை கம்மியா இருக்குதுன்னும் எழுதறாங்க."

நான் துள்ளினேன். "அப்ப சாப்பாட்ட மாத்துனா கொழந்தை நிக்குமா மேடம்?"

"எப்படித் தெரியும்? கிருமி கொறஞ்சதால நீர்க்கட்டி வந்துச்சா, நீர்க்கட்டி வந்ததால கிருமி கொறஞ்சுதா? இன்னும் யாருக்கும் நிச்சயமாத் தெரியாது. ஆனா கேக்கறதுக்கு நல்ல கேள்வி. நீங்க கேட்டுட்டே இருங்க."

அன்றிலிருந்து ஆட்டுப் புழுக்கைக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கோகிலவாணி வந்தாள். காங்கயம் பக்கம் ஊர், கணவர் செந்திலுக்கு அரிசி ஆலை. கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஆள் ஒல்லி, கண்ணுக்குக் கீழே கறுப்பு, நகமெல்லாம் வெளுப்பு. கூடவே எப்போதும் மாமியார் ராமாத்தாள் வருவார். இரண்டு பேரும் அக்கா தங்கை மாதிரி ஒட்டி உட்காருவார்கள்.

கோகிலாவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை கருவை வைத்தும் நிற்கவில்லை. சினைமுட்டை இருப்பு வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. மறுபடி எடுத்தால் ஒன்றாவது தேறுமா என்பது சந்தேகம். உறைய வைத்ததில் ஒரே ஒரு கரு மிச்சம் இருந்தது. அதுவும் நிற்காவிட்டால் அவ்வளவுதான். அது அவளுக்கும் தெரியும், ராமாத்தாளுக்கும் தெரியும். கருப்பையின் உள்படலத்துக்குப் போதிய கனம் இல்லை. இரும்புச் சத்து இல்லை, பி பன்னிரண்டு இல்லை, தைராய்டு வேறு, அடிக்கடி சிறுநீர்த் தொற்று, அதற்கு அடிக்கடி ஆன்டிபயாடிக். என் கேள்விக்கு அவள் சொன்ன பதில் ஆட்டுப் புழுக்கை. அதுவும் வாரத்துக்கு இரண்டு முறை.

"இந்த ஒடம்புல வெச்சா கடைசியையும் தொலைச்சிடுவோம். தள்ளிப் போடறேன். அதுக்குள்ள ஒடம்பத் தேத்திக் குடுங்க" என்று பெரிய மேடம் என்னிடம் அனுப்பினார்.

எனக்குச் சவால் என்றால் அல்வா. ராகிக் களி, கீரைக் கடைசல், பச்சைப்பயறு, கொள்ளு ரசம், தயிர், மோர், கொய்யா, பப்பாளி, அதற்குப் பயமென்றால் வாழைப்பழம் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தேன். எல்லாம் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு கிடைக்கிற சாமான்தான்.

"சரிங்க மேடம்" என்றாள் கோகிலா.

அடுத்த முறை வந்தாள். எடை ஏறவில்லை. "நேத்து மத்தியானம் என்னம்மா?"

"கீரைக் கடைசலுங்க, கம்பஞ்சோறுங்க, மோருங்க."

"எந்தக் கரண்டி?" தொட்டுக் காட்டினாள். பெரிய கரண்டி.

"வெளிய போறது?"

"அதேதானுங்க மேடம்" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு மண்டை காய்ந்தது. இவ்வளவு நார் உள்ளே போகிறது, ஒன்றுமே நடக்கவில்லை. இவள் குடலில் கிருமிகள் இருக்கின்றனவா, இல்லை காலி செய்துவிட்டுப் போய்விட்டனவா? ஆன்டிபயாடிக் எல்லாவற்றையும் துடைத்துவிட்டதா? பட்டியலில் பயறைக் கூட்டினேன். "சரிங்க மேடம்." பழைய சோற்றுத் தண்ணீர் சேர்த்தேன். "சரிங்க மேடம்." நம் பக்கத்து மரியாதை இருக்கிறதே, அது மாதிரி ஒரு சுவர் உலகத்தில் கிடையாது. 'முடியாது போடி' என்று சொல்கிற ஊராக இருந்தால் நான் அன்றைக்கே விஷயத்தைக் கண்டுபிடித்திருப்பேன்.

கண்டுபிடித்தது சாப்பாட்டுக் கூடத்தில். நோயாளிகளோடு கூட வருகிறவர்கள் உட்கார்ந்து சாப்பிட ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கூடம் உண்டு. அன்று ஸ்கேனுக்கு நேரமாகும் என்று கோகிலாவும் ராமாத்தாளும் தூக்குப்போசியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் என் டப்பாவை எடுத்துக்கொண்டு எதிரில் போய் உட்கார்ந்தேன். வேவு பார்க்க இல்லை. மின்விசிறிக்குக் கீழே அந்த இடம்தான் காலியாக இருந்தது.

வெறும் வெள்ளைச் சோறு. மேலே புளியில்லாத மிளகு சீரகத் தண்ணி. ஆளுக்கு ஒரு சுட்ட அப்பளம். பக்கத்தில் ஒரு பெரிய பிஸ்கட் பாக்கெட்.

"ஏம்மா, கீரை எங்க?"

கோகிலாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. ராமாத்தாள்தான் பேசினார். "கீரை ஊட்ல ஆம்பளைங்களுக்குச் செஞ்சு வெச்சுபோட்டு வந்தமுங்க அம்மணி. நெதமும் செய்யறமுங்க. நீங்க எழுதிக் குடுத்தது ஒண்ணு விடாமச் செய்யறமுங்க."

"செய்யறீங்க சரி. சாப்பிடறது?"

"அதெப்படிங்க? அவ பத்தியமில்லீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்ட கேள்விக்கு அவள் பொய் சொல்லவே இல்லை. நேற்று மத்தியானம் அந்த வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்டதாக எடுத்துக்கொண்டு, என்ன ஆக்கினாளோ அதைச் சொல்லியிருக்கிறாள். எந்தக் கரண்டியால் பரிமாறினாளோ அதையும் தொட்டுக் காட்டியிருக்கிறாள்.

மெதுவாகக் கதை வந்தது. எங்களிடம் வருவதற்கு முன்பு, கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே, வெள்ளகோவிலில் ஒரு நாட்டு வைத்தியரிடம் போயிருக்கிறார்கள். கைராசிக்காரர் என்று சுற்று வட்டாரத்தில் பெயர். மருந்து கொடுத்து, பத்தியம் சொன்னார். தயிர், மோர் கூடாது. கீரை, கிழங்கு, பயறு கூடாது. ராகி, கம்பு கூடாது. புளி, பழம் கூடாது. ஒரு மண்டலம் கழித்து வாருங்கள், மேற்கொண்டு சொல்கிறேன் என்றார். மண்டலம் முடிந்து இவர்கள் போனபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது. வைத்தியர் இறந்துவிட்டார்.

"பத்தியம் குடுத்தவிய வாயாலதானுங்க முறிக்கோணும். அவியதான் போயிட்டாங்களே. நாமளா முறிச்சு, அதனால எதாச்சும் ஆயிருச்சுன்னா? கொழந்தை விசயமுங்களே அம்மணி" என்றார் ராமாத்தாள்.

"அது நடந்து எத்தன வருஷமாச்சு?"

"ஏழு வருசம் ஆகுதுங்க."

பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டி, "இது மட்டும் ஆகுமாக்கும்?" என்றேன்.

"வைத்தியரு இதப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்களே" என்றார் அப்பாவியாக. கீரைக்கும் பயறுக்கும் தடை. மைதாவுக்கு எந்தத் தடையும் இல்லை. பசிக்கிறபோதெல்லாம் பிஸ்கட்.

அப்புறம்தான் இன்னொன்றைக் கவனித்தேன். போசியில் இருந்தது ஒரே சாப்பாடு. ராமாத்தாளின் தட்டிலும் அதே வெள்ளைச் சோறு, அதே தண்ணி.

"உங்களுக்கு எதுக்குங்க பத்தியம்?"

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "வயசுப் புள்ள வாயக் கட்டிட்டு உக்காந்திருக்கறப்ப நான் மட்டும் மோரு ஊத்திக் கொழச்சுத் திங்க முடியுங்களா? எறங்குமுங்களா எனக்கு?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் நான் பெரிய மேடம் அறைக்குத்தான் ஓடுவேன்.

"நாளைக்கே அந்தப் பத்தியத்தத் தூக்கிக் குப்பையில போடச் சொல்லப் போறேன் மேடம்!"

"சொன்னா போட்ருவாங்களா?"

"ஏன் போட மாட்டாங்க? நான் சொன்னா..."

"எப்படித் தெரியும்?" ஸ்டூலில் இருந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்க பட்டியலுக்கும் அவங்க 'சரிங்க'ன்னாங்க. இதுக்கும் 'சரிங்க'ம்பாங்க. ஊட்டுக்குப் போய் அதே தண்ணிச் சோறுதான்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அந்தம்மா கேக்கறதுல தப்பென்னங்க? மருந்து குடுத்தவங்க நிறுத்தச் சொல்லோணும். நியாயந்தானே. நான் ஒரு மாத்திரை எழுதிக் குடுத்துட்டு நாளைக்குச் செத்துட்டேன்னா? நாம எல்லாம் என்னிக்கு ஆரம்பிக்கறதுன்னு எழுதறோம். என்னிக்கு முடிக்கறதுன்னு எத்தன பேரு எழுதறோம்?" சுவர்க் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டுக் காட்டினார். "வைத்தியரு ஊட்ல இப்ப யாரு இருக்காங்கன்னு போய்ப் பாத்துட்டு வாங்க. ஆனா ஒண்ணு. அங்க போய் நீங்க வாயத் திறக்கக் கூடாது."

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய பத்தியம் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செந்தில் காரை ஓட்ட, நாங்கள் மூன்று பெண்களும் பின்னால். சித்திரை வெயில். வெள்ளகோவிலைத் தாண்டிக் கரூர் ரோட்டில், லாரி டயர்கள் அடுக்கி வைத்த கடை ஒன்றின் முன்னால் கார் நின்றது. கடைக்குப் பின்னால்தான் வீடு. வைத்தியரின் மகன் நடராஜ் கையில் கிரீஸ் கறையோடு வந்து, எங்களை வீட்டு முன் தாவாரத்தில் உட்காரச் சொன்னார். நாற்பது வயதிருக்கும்.

ராமாத்தாள் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நடராஜின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"ஏனுங்க ஆத்தா, ஏழு வருசமா?"

"ஆமாங்க தம்பி."

"அப்பாவோட மருந்தெல்லாம் அவரோட போச்சுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. டயரப் பத்திக் கேளுங்க, சொல்றேன். பத்தியத்த முறிக்கச் சொல்ல நான் யாருங்க? ஏதாச்சும் ஆகிப்போச்சுன்னா பாவமுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

கோகிலா தரையைப் பார்த்தபடி இருந்தாள். என் நாக்கு நுனியில் ஆயிரம் வார்த்தை. ஐயா, 'சாப்பிடு தாயி' என்று ஒரு சொல் சொல்லுங்கள், போதும்! பல்லைக் கடித்துக்கொண்டேன். வந்த காரியம் கெட்டது, அவ்வளவுதான், கிளம்ப வேண்டியதுதான் என்று செந்திலும் கார் சாவியை எடுத்துவிட்டார்.

"அட, எங்க கெளம்பறீங்க?" என்றார் நடராஜ். "இத்தன வெயில்ல வந்துபோட்டுச் சும்மா போறதா? உக்காருங்க, உக்காருங்க." உள்ளே போனார். கையைக் கழுவிக்கொண்டு தட்டு நிறைய டம்ளரோடு வந்தார்.

மோர். கொத்துமல்லியும் பச்சைமிளகாயும் நசுக்கிப் போட்டுக் கரைத்த கெட்டி மோர்.

யாரும் கையை நீட்டவில்லை. நடராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. விருந்தாளிக்கு மோர் கொடுத்து விருந்தாளி வாங்காமல் இருந்தால் நம் பக்கத்தில் அதைவிட அவமரியாதை உண்டா? தட்டை ஏந்தியபடி நின்றார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. "ஐயோ! மறந்துபோட்டனுங்க!" என்று தட்டைப் பின்னுக்கு இழுத்தார்.

"இருங்க தம்பி" என்றார் ராமாத்தாள். "இது உங்கொப்பா இருந்த ஊடுதானுங்களே?"

"இதே ஊடுதானுங்க. இந்தத் தாவாரத்துலதான் உக்காந்து மருந்து குடுப்பாருங்க."

ராமாத்தாள் ஒரு டம்ளரை எடுத்தார். கண்ணை மூடினார். ஏழு வருஷத்துக்குப் பிறகு முதல் வாய் மோர். கடகடவென்று முழுதும் குடித்து, புறங்கையால் வாயைத் துடைத்து, இன்னொரு டம்ளரை எடுத்து மருமகளிடம் நீட்டினார்.

"குடி கண்ணு. வைத்தியரூட்லயே குடுத்துபோட்டாங்க. முறிஞ்சுது."

கோகிலா வாங்கினாள். குடிக்கும்போதே அழுதாள், பச்சைமிளகாய் ஏறி இருமினாள், இருமலுக்கு நடுவே சிரித்தாள். செந்தில் திரும்பி நின்று டயர்களை எண்ணுவது போல் பாவனை செய்தார். நான் இரண்டு டம்ளர் குடித்தேன். வாய் திறந்தது அதற்கு மட்டும்தான்.

பத்தியம் முறிந்த கையோடு எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட முடியாது. ஏழு வருஷமாக நாரையே பார்க்காத குடல். முதலில் மோர், வாழைப்பழம். பிறகு ஒரு கரண்டி கீரை. அப்புறம் பயறு, அதுவும் முளைகட்டி வேகவைத்து. கடைசியில்தான் களி. ஒவ்வொரு படிக்கும் ராமாத்தாள் போன் செய்வார். "அம்மணி, வவுறு கடமுடன்னு உருளுதுங்க, ரெண்டு பேத்துக்கும்!" பழக்கமில்லாத சாப்பாடு வந்தால் கிருமிகள் காற்றைக் கிளப்பத்தான் செய்யும், கொஞ்சம் குறைத்துக்கொண்டு மெல்லக் கூட்டுங்கள் என்பேன். ஒருநாள் வெடியால ஆறு மணிக்குப் போன். பதறி எடுத்தேன். "அம்மணி, வாழைப்பழமுங்க!" என்றார். ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் படுக்கையில் உட்கார்ந்து கைகொட்டிச் சிரித்தேன்.

எடை ஏறியது. நகம் சிவந்தது. சிறுநீர்த் தொற்று வருவது குறைந்தது. ஸ்கேனில் கருப்பையின் உள்படலம் போதிய கனத்தோடு தெரிந்தது. பெரிய மேடம் தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றியிருந்தார். பி பன்னிரண்டு ஊசி போட்டார், ஹார்மோன் மருந்தையும் வேறு விதமாகக் கொடுத்தார். பிறகு அந்தக் கடைசிக் கருவை வைத்தார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று லேபிலிருந்து தாளைப் பிடுங்கிக்கொண்டு அவர் அறைக்குள் ஓடினேன்.

"நின்னுருச்சு மேடம்! மோருதான் மேடம்! கிருமிதான்!"

அவர் தாளை வாங்கிப் படித்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஆனாலும் விடவில்லை. "மோரும் இருக்குது, தைராய்டு மாத்திரையும் இருக்குது, பி பன்னிரண்டு ஊசியும் இருக்குது, பயம் போனதும் இருக்குது. இதுல எதுன்னு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. திவ்யா, இதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். மோர் குடித்தால் குழந்தை பிறக்கும் என்று நான் சொன்னதாக எங்காவது எழுதினாயோ, நேரில் வந்து காதைத் திருகுவேன். அதே சமயத்தில் அந்தியூரிலிருந்து வந்த இன்னொரு பெண் என் பட்டியலை எழுத்து மாறாமல் சாப்பிட்டாள். வயிறு ஒழுங்காக இருந்தது. கரு மட்டும் நிற்கவேயில்லை. அவளுக்கும் நான் பதில் சொல்லியாக வேண்டும். உன் வண்ண ரிப்போர்ட் நல்ல சாமான்தான். மோருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கோகிலாவுக்கு எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இன்னும் ஆசை அடித்துக்கொள்கிறது. ஆனால் அந்த ரிப்போர்ட்டில் பிஸ்கட் பாக்கெட் தெரியாது. கீரையை ஆக்கியவள் யார், தின்றவர் யார் என்று தெரியாது. அதற்கு நீதான் டப்பாவை எடுத்துக்கொண்டு எதிரில் போய் உட்கார வேண்டும்.

கோகிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆபரேஷன் இல்லாமல், காங்கயத்திலேயே. அதற்கடுத்த நாள் ராமாத்தாளிடமிருந்து போன். பின்னால் குழந்தை வீல் வீலென்று கத்துவது கேட்டது.

"அம்மணி, பெத்தவளுக்குப் பத்தியம் பாக்கோணுமுங்களே. பூண்டு, பாலு, கருவாடு, அதெல்லாம் எனக்கே தெரியுமுங்க. அதக் கேக்கறதுக்குக் கூப்புடல."

"அப்பறம் என்னங்க?"

"எத்தன நாளைக்குன்னு சொல்லிப்போடுங்க. முடியற நாள இப்பவே சொல்லிப்போடுங்க." கொஞ்சம் தயங்கினார். "தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. நீங்க நல்லா இருக்கோணும். ஆனா நாளைக்கு உங்களுக்கே ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் எந்த டயர் கடையில போயி நிக்கறது?"

சிரிப்பு அடங்கவே எனக்கு நேரமாயிற்று. பத்தியமே வேண்டாம், எல்லாவற்றையும் அளவாகக் கொடுங்கள் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நாள் வேண்டும் என்று ஒரே பிடி. கடைசியில் காலண்டரைப் பார்த்து, அடுத்த வெள்ளிக்கிழமை என்றேன்.

"சரிங்க அம்மணி" என்றார்.

வியாழக்கிழமையே மோர் கரைத்துக் கொடுத்துவிட்டாராம். கோகிலா பிறகு சொன்னாள்.